சோலிப் பாட்டுக்காரி

டெல்பினுக்குக் குரல்தான் பிழைப்பு. ஆனால் அவள் பாடகி இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் வருகிற பெரிய கப்பல்களை முட்டியும் இழுத்தும் தளத்தில் கொண்டு சேர்க்கும் டக் படகுகள் இருக்கின்றனவே, அவற்றை ஓட்டும் ஒரு தனியார் கம்பெனியில் ரேடியோ அறை அவள் பொறுப்பு. மூன்றாவது மாடியில் கண்ணாடி போட்ட அறை. எந்த டக் எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும், காற்று எப்படி, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் அதில் ஏறிவிட்டாரா, கயிறு கட்டியாயிற்றா என்பதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போய்வரும்.

அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா பவுல் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியில் சரக்கு கொண்டுபோனவர். கடலில் நிற்கிறவனுக்குக் கரையிலிருந்து ஒரு குரல் வந்தால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "எம் மவ பேசினாத்தான் கப்பலு நகரும்" என்று டீக்கடையில் சொல்லித் திரிவார். டக் மாஸ்டர்களில் மூத்தவரான செந்தூர்வேல் யாரையும் லேசில் பாராட்டாத ஆள். அவரே, "ஆடிக் காத்து என்ன ஊளையிட்டாலும் அந்தப் பிள்ள கொரலு மட்டும் தெளிவா வந்து விழுந்துரும்" என்பார்.

டெல்பினின் கணவன் ஆன்டனி எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில் மோட்டார்மேன். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலிலேயே போய்விடும். டெல்பின் அப்பா அம்மாவோடு பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுவாள். குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவன் ரெக்சன். அடுத்த தெருப் பையன், அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். செல்போன் கடையில் வேலை. வீட்டு மாடி அறையில் வெளிச்சத்தம் வராமல் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, அதற்குள் உட்கார்ந்து சொந்தமாகப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். எந்த மெட்டு போட்டாலும் முதலில் டெல்பினுக்குத்தான் அனுப்புவான். "அக்கா, கேட்டுட்டு எப்படியிருக்குன்னு சொல்லு."

ஈஸ்டர் முடிந்த சமயம், ஒருநாள் மத்தியானம் ஒரே மெட்டை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருந்தான். டெல்பின் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதிள். போன் மறுபடி மணியடித்ததும் முழங்கையால் அமுக்கிக் குரலிலேயே பதில் அனுப்பினாள்.

"ஏலே, ஒனக்கு வேற சோலியே இல்லையாலே?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு மாதிரி. மூக்கில் ஆரம்பித்து, மேலே ஏறி, உச்சியில் போய் உடையும். கேட்கிறவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் ரெக்சன் கூப்பிட்டான். "அக்கா, இத அப்படியே பாட்டுல போட்டுக்கிடட்டா?"

"போட்டுக்கோ. யாரு கேக்கப் போறா" என்றாள் டெல்பின்.

ஒரு பையன் ஒரு பெண்ணிடம் விதவிதமாகக் காதலைச் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் அதே வார்த்தையைச் சொல்லிச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. 'சோலி' என்று பெயர் வைத்து ரெக்சன் அதை வெளியிட்டான். முதலில் மீன்பிடித் துறைமுகத்து லோடு ஆட்டோக்களில் கேட்டது. பிறகு கல்லூரிப் பிள்ளைகள் அந்தச் சிரிப்புக்கு வாயசைத்து வீடியோ போட்டார்கள். ஒரு நடிகை விமான நிலையத்தில் நின்று அதற்கு ஆடிய நாளில் பாட்டு கையை மீறிப் போய்விட்டது. சென்னையில் ஒரு பெரிய இசைக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. கோலாலம்பூர், டொரண்டோ, துபாய் என்று ரெக்சன் பறந்தான். அந்த வருஷம் தமிழில் அதிகம் கேட்கப்பட்ட பாட்டு அதுதான் என்று எல்லா இடத்திலும் போட்டார்கள். சோப்புத்தூள் விளம்பரத்திலும் தேர்தல் வண்டியிலும் கிரிக்கெட் மைதானத்தில் விக்கெட் விழும்போதும் டெல்பின் சிரித்தாள்.

முதல் கொஞ்ச நாள் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாடகர் குழுவில் கேக் வெட்டினார்கள். கல்யாண வீடுகளில் மைக்கைக் கொடுத்து ஒருதரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். சிரிக்கவும் சிரித்தாள். அவள் அம்மா அல்போன்சா உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "நம்ம டெல்பினு கொரலுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் இசைக் கம்பெனிக்காரர்கள் 'அந்தப் பொண்ணு யாரு?' என்று கேட்டுச் சுவரொட்டி ஒட்டினார்கள். கேள்வி இருக்கும்வரைக்கும் பாட்டு ஓடும் என்பது அவர்கள் கணக்கு. ரெக்சன் ஆரம்பத்தில் பேட்டிகளில், "எங்க ஊர் அக்கா ஒருத்தவங்க" என்று சொல்லிவந்தவன், அதன் பிறகு கேள்வி வந்தால் சிரித்துவிட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினான். ஊருக்கோ யாரென்று தெரியும். தெரிந்தவர்கள் சொல்ல, தெரியாதவர்கள் கதை கட்டினார்கள். ரெக்சனைக் காதலித்துவிட்டு, கப்பல்காரன் வந்ததும் கைவிட்டுப் போனவள் என்று யாரோ ஒருவன் வீடியோவே போட்டான். டெல்பின் ரோட்டில் நடந்தால் பின்னாலிருந்து அந்த வார்த்தை வரும். ஆட்டோவில் ஏறி இடத்தைச் சொன்னால் டிரைவர் திரும்பிப் பார்ப்பான். காய்கறிக் கடையில் விலை கேட்கக்கூட முடியவில்லை. முகத்துக்கு முக்காடு போடலாம். குரலை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

ஆன்டனி அப்போது வளைகுடாப் பக்கம் இருந்தான். கப்பல் மெஸ்ஸில் பிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரன்கூட அந்தப் பாட்டை வைக்கிறான் என்று முதலில் பெருமையாகத்தான் சொன்னான். பிறகு ஒருநாள் பேச்சுக்கு நடுவில் கேட்டான்.

"ஏளா, அவன் ஒன்ன அக்கான்னுதான கூப்பிடுவான்?"

"இதென்ன கேள்வி?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாவா கேட்டிய?"

"இங்கன பயலுவ என்னமாச்சும் சொல்லிட்டுக் கெடக்கானுவ. வுடு."

அவள் விட்டாள். ஆனாலும் அதன் பிறகு அவனோடு பேசும்போது சிரிக்கிற இடம் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

ரேடியோ அறை மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது. அங்கே ஏறி உட்கார்ந்தால் படகும் காற்றும் கயிறும்தான். அதுவும் நிலைக்கவில்லை. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற ஏதாவது கப்பலிலிருந்து யாரோ ஒருவன் அவள் குரலைக் கேட்டதும் மைக்கை அமுக்கி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அணைப்பான். வேறொருவன் விசிலடிப்பான். யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. டெல்பின் கண்டிப்பான குரலில் எச்சரித்தால் அந்தக் கண்டிப்புக்கே இன்னும் நாலு பேர் விசிலடித்தார்கள்.

மறு வருஷம் ஆடி மாதம், மேற்கிலிருந்து மேல்காற்று வெறிகொண்டு வீசிய ஒரு காலையில் நிலக்கரிக் கப்பல் ஒன்றைத் தளத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். செந்தூர்வேலின் டக், அதன் பெயர் ஸ்டெல்லா, கப்பலின் பின்பக்கத்தைக் கயிறு போட்டு இழுத்துப் பிடித்திருந்தது. கரையில் நின்ற ஆள் ஒருவன் டெல்பினைப் போனில் கூப்பிட்டான். கயிறு கப்பல் விளிம்பில் உரசிப் புரி பிரிகிறது, எந்த நேரமும் அறும் என்றான். செந்தூர்வேல் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. டெல்பின் மைக்கை எடுத்தாள்.

"ஸ்டெல்லா, ஸ்டெல்லா…"

அதற்குமேல் அவளால் போக முடியவில்லை. எவனோ ஒருவன் தன் மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு 'சோலி' பாட்டை அதற்குள் ஓடவிட்டான். ஒருவன் அமுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சேனலில் மற்ற யார் பேசுவதும் கேட்காது. அவள் கத்திய கத்தல் அறைக்குள்ளேயே நின்றது. ரேடியோவிலிருந்து அவளுடைய சிரிப்பே அவளுக்குத் திரும்பி வந்தது. அவள் போனை எடுத்துச் செந்தூர்வேலின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கயிறு தெறித்து டக்கின் மேல்தளத்தைச் சாட்டைபோலச் சுழற்றி அடித்தது. அங்கே நின்ற டெக் ஆள் முத்துச்செல்வம் விழுந்தான்.

உயிர் தப்பியது. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. இனி டெக்கில் நின்று வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டைப் போட்டவன் யார் என்று விசாரித்தார்கள். அன்றைக்கு வெளியில் நின்ற கப்பல்களில் பாதி மறுநாளே புறப்பட்டுப் போய்விட்டன. கடைசிவரை தெரியவில்லை.

டெல்பின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முத்துச்செல்வம் மருந்து மயக்கத்தில் இருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மனைவி சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். டெல்பின் அவள் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். "எக்கா, நான்…"

சீனித்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒம் மேல ஒண்ணும் கோவமில்ல, தாயி. ஆனா நீ பேசாத. ஒங் கொரலக் கேட்டா எனக்கு அந்தப் பாட்டுதான் கேக்குது."

டெல்பின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வாங்கிப்போன ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த வாரமே டக் கம்பெனி மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "உங்க மேல தப்புன்னு யாரும் சொல்லல. ஆனா உங்க வாய்ஸ் போனாலே சேனல் கெட்டுப்போகுது. எனக்கு வேற வழி இல்ல." அவளைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார். கையுறை, கிரீஸ் டப்பா, லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஜன்னல் கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றுகூட அங்கே உட்கார்ந்தால் தெரியாது. ரேடியோவில் ஒரு இளைஞனைப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பவுல் எழுந்து கோயில் பக்கம் போய்விட்டார். அல்போன்சாதான் சொன்னாள். "அந்தப் பயட்ட போயிக் கேளு. ஒங் கொரல எடுத்தவன் திருப்பித் தரட்டும்."

ரெக்சன் சொந்த ஊரில் பாடப் போவதாக நகரமெங்கும் பேனர் கட்டியிருந்தார்கள். பைபாஸ் ரோட்டு மைதானத்தில் மேடை எழும்பிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி அன்று மத்தியானம் டெல்பின் அவன் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனாள். வாசலில் பிள்ளைகள் கூட்டம். பெயரைச் சொன்னதும் மேலே கூட்டிப்போனார்கள். வாயைத் திறந்ததே போதுமான அடையாளமாக இருந்தது.

ரெக்சன் மெலிந்திருந்தான். திரை இழுத்துவிட்ட அறையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஷாம் என்று ஒருவர். சென்னைக்காரர், ரெக்சனுடைய எல்லா ஏற்பாட்டையும் பார்க்கிற மேனேஜர். அவளைப் பார்த்ததும் ரெக்சன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, பொரிச்ச பரோட்டா திங்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. கீழ எறங்க விட மாட்டேங்காவ. எறங்கினா கூட்டம் மேல வந்து விழுந்துரும்."

டெல்பின் முத்துச்செல்வத்தின் கதையைச் சொன்னாள். ரெக்சன் சாதத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என் கொரல அந்தப் பாட்டுலேந்து எடுத்துருலே" என்றாள். "வேற யாரையாச்சும் பேச வச்சுப் போடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"நான் எப்படிக்கா எடுக்க? பாட்டு எங்கிட்ட இல்ல. எம் பேரே எங்கிட்ட இல்ல. கம்பெனி ஒப்பந்தம், மூணு வருசத்துக்கு நான் வேற எங்கயும் பாட முடியாது. கோயில்ல பாடணும்னாலும் கேட்டுட்டுத்தான் பாடணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இதுக்குப் பொறவு எத்தன பாட்டு போட்டுட்டேன் தெரியுமா? எதையும் ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். மேடையில புதுப் பாட்டு ஆரம்பிச்சா, சோலி, சோலின்னு கத்துதானுவ. ஒரே நாள்ல மூணு தடவ பாடியிருக்கேன். தூங்கினாலும் நீ சிரிக்கது கேக்குது."

ஷாம் நடுவில் வந்தார். "மேடம், நீங்க சொல்றது ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா இப்ப பாட்டு பீக்ல இருக்கு. இந்த நேரத்துல யாருமே அதுல கை வைக்க மாட்டாங்க. நான் ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு ஈவ்னிங் நீங்களே மேடை ஏறுங்க. உங்களுக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல, அக்கா தம்பி மாதிரின்னு சொல்லுங்க. அந்த ஆக்ஸிடெண்ட் பத்தியும் சொல்லுங்க. நீங்க சொன்னா ஜனங்க கேப்பாங்க."

டெல்பின் ரெக்சனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிறானா, சரி என்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் இத்தனை நாளாக யாராவது ஒரு மைக்கைக் கொடுத்து, உன் பக்கத்தைச் சொல் என்று கேட்க மாட்டார்களா என்று அவள் ஏங்கியிருந்தது நிஜம். சரியென்றாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மேடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முன்னால் எங்கே பார்த்தாலும் தலைகள். திருச்செந்தூர், ஏரல், நாசரேத் பக்கமிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ரெக்சன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். படியேறிப் போனாள். வெளிச்சத்தில் கண் கூசியது. யாரோ கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு விசயம் சொல்லணும்" என்றாள்.

அவ்வளவுதான். மைதானம் எழுந்து கத்தியது. அந்தக் குரலேதான். இத்தனை மாதம் போனுக்குள் கேட்ட குரல் கண்ணெதிரே நிற்கிறது. "ஒரு நிமிசம் கேளுங்க" என்றாள். இன்னும் கத்தினார்கள். "முத்துச்செல்வம்னு ஒருத்தருக்கு, டக்குல வேல பாத்தவரு, அவருக்குக் கால் போயிட்டு" என்றாள். கடைசி வார்த்தை சொல்லும்போது அவள் குரல் மேலே ஏறி உடைந்தது. சிரிப்பு உடைகிற அதே இடத்தில் உடைந்தது. அழுகை என்று யாருக்கும் தோன்றவில்லை. மொத்த மைதானமும் அவளைப் பார்த்து, ஒரே வாயாக, ஒனக்கு வேற சோலியே இல்லையாலே என்று கேட்டது.

ரெக்சன் அவளிடமிருந்து மைக்கை வாங்க வந்தான். கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த பாட்டு, குறித்த நேரத்துக்குத் தானாகவே தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு அவனுக்கும் வேறு வழியில்லை. பாடினான். டெல்பின் பக்கத்தில் நின்றாள். படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் அந்த வீடியோவும் ஓடியது. 'வெட்கத்தில் சிரித்த சோலி அக்கா' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். பாட்டு இன்னும் ஒரு சுற்று மேலே போனது.

அதற்குப் பிறகு டெல்பின் ஊரில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். கடையில் கையைக் காட்டிச் சாமான் வாங்கினாள். கோயிலில் பாடகர் குழுவை விட்டுவிட்டாள். ஸ்டோரில் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

அங்கிருந்து அவளை மீட்டுக் கொண்டுவந்தது செந்தூர்வேல்தான். ரேடியோவில் போட்ட இளைஞன் ஒருநாள் இரண்டு டக்குக்கும் கப்பலின் ஒரே பக்கத்தைச் சொல்லி, இரண்டும் மோதிக்கொள்ள இருந்தன. செந்தூர்வேல் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு மேனேஜர் அறைக்குப் போய் நின்றார். "அந்தப் பிள்ளய மேல ஏத்துங்க. இல்லன்னா நாளைலேந்து ஸ்டெல்லாவ நீங்களே ஓட்டிக்கிடுங்க."

மேனேஜர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். தமிழில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆங்கிலம் மட்டும். அதுவும் தணிந்த குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது.

டெல்பின் பழகினாள். வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, விமான நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பெண்களைப்போலப் பேசிப் பேசிப் பார்த்தாள். தொண்டையை இறுக்கி, மூச்சை அடக்கி, ஒவ்வொரு வார்த்தையையும் தட்டையாக வைத்தாள். மூன்றாவது மாடிக்குத் திரும்பிய முதல் நாள் யாரும் விசிலடிக்கவில்லை. செந்தூர்வேல் மட்டும் ஷிப்ட் முடிந்து இறங்கும்போது, "வேல சுத்தமாத்தான் இருக்கு, தாயி. ஆனா யாரோ வேத்தாளுகிட்ட பேசுத மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வருஷம் வேறொரு பாட்டு வந்தது. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பாடியது. லோடு ஆட்டோக்களும் கல்யாண மண்டபங்களும் அதற்கு மாறின. 'சோலி' நின்றுவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ரெக்சனின் அடுத்த ஆல்பம் போன இடம் தெரியவில்லை. அவனுடைய மூன்று வருஷ ஒப்பந்தமும் பிறகு முடிந்தது. இப்போது கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கேயும் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்கிறார்கள். ஊருக்கு வந்தால் தடையில்லாமல் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பக்கத்து மேசைக்காரன் சிலநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நீங்க அவருதான என்று கேட்பான். அப்படிக் கேட்டாலும் கஷ்டமாயிருக்கிறது, கேட்காமல் எழுந்து போனாலும் கஷ்டமாயிருக்கிறது என்று டெல்பினிடம் சொன்னான். அவள் அவனைத் திட்டவில்லை. அவனும் அவளுமாகக் கொஞ்ச தூரம் பீச் ரோட்டில் நடந்தார்கள்.

முத்துச்செல்வத்தைக் கம்பெனி கரைவேலையில் வைத்துக்கொண்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான். டெல்பினைப் பார்த்தால் கையை உயர்த்துவான். சீனித்தாயை அவள் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

ஆன்டனி இந்தத் தடவை லீவுக்கு வந்தபோது, வந்த அன்றைக்கே வித்தியாசத்தைக் கவனித்தான். அவள் வீட்டிலும் அந்தத் தட்டைக் குரலில்தான் பேசினாள். வேண்டுமென்று செய்யவில்லை. பழைய குரலில் பேச வாயெடுத்தால் தொண்டை தானாக இறுகிக்கொண்டது. அவன் கப்பல் கதை எல்லாம் சொல்லிப் பார்த்தான். சமையல்காரன் சோற்றைக் கருக்கியதை நடித்துக் காட்டினான். அவள் உதடு விரிந்தது. சத்தம் வரவில்லை.

சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் அவனே சொன்னான். "ஒண்ணு சொன்னா கோவப்படாத. கப்பல்ல ஒன்ன ரொம்பத் தேடுச்சுன்னா அந்தப் பாட்டத்தான் போட்டுக் கேப்பேன். ஹெட்போன் மாட்டிக்கிட்டு. பாட்டுக்காக இல்ல."

அவள் சட்டையை மடித்து வைத்தாள். "கேளுங்க. எல்லாரும்தான கேக்காவ."

"நாம கொச்சிக்குப் போயிருவோமா? எனக்கு அங்கன ஆளு இருக்கு. ஒனக்கும் ஏதாச்சும் வேல பாத்துக்கிடலாம்."

"போயி?"

"இங்கன மாதிரி இருக்காதுல்லா."

"அங்கனயும் கடைக்குப் போவணும். அங்கனயும் நாலு பேருட்ட பேசணும்." அடுத்த துணியை எடுத்தாள். "இங்கனன்னா எந்தக் கடையில திரும்பிப் பாப்பானுவன்னாச்சும் தெரியும்."

அவன் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. லீவு முடிந்து அவன் மும்பைக்கு ரயிலேறிய நாளில் அவளுக்கு மத்தியான ஷிப்ட். நேராக வேலைக்குப் போனாள். மூன்றாவது மாடி ஏறி, கண்ணாடியில் படிந்திருந்த நிலக்கரித் தூளைத் துணியால் துடைத்தாள். மேல்காற்று கிளம்பியிருந்தது. வெளியே ஒரு உரக் கப்பல் பைலட்டுக்காகக் காத்து நின்றது. ஸ்டெல்லாவும் இன்னொரு டக்கும் கயிற்றைத் தயார் செய்துகொண்டிருந்தன. டெல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொண்டையை இறுக்கி மூச்சை அடக்கிக்கொண்டு மைக்கை எடுத்தாள்.